கத்தரிப்பூ நிறச் சுவரும் நம் வீட்டு வெளிச்சமும்

கத்தரிப்பூ நிறம் என்று நாம் சொல்லும் வெளிர் ஊதாவைச் சுவருக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். ஹார்ட்வேர் கடையில் நிற அட்டையை விரித்து, கட்டைவிரல் அகலமுள்ள ஒரு சதுரத்தைக் காட்டி, அந்த எண்ணைக் கலக்கச் சொல்லி வாங்கி வந்து, நான்கு சுவருக்கும் அடித்துவிடுகிறார்கள். காய்ந்த பிறகு காலையில் சாம்பலாகவும் மாலையில் பழைய ரோஜா நிறமாகவும் இரவில் மருத்துவமனை நீலமாகவும் அந்தச் சுவர் தெரிகிறது. கலவை தவறு என்று கடைக்காரரையோ, கை சரியில்லை என்று சாயம் அடித்தவரையோ குறை சொல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குற்றம் இருவரிடமும் இல்லை. வெளிர் ஊதா வேறு பல நிறங்களைவிட வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டது. மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துக் கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங், உலுசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் உள்ள வீடுகளுக்குள் வரும் வெளிச்சத்துக்குத் தனிக் குணம் உண்டு. அதனால் தேர்வின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்: முதலில் சன்னல், அடுத்து விளக்கு, அதற்கடுத்து தரையும் திரைச்சீலையும், கடைசியில்தான் சாய டப்பா. இந்த வரிசையில் போனால் கத்தரிப்பூ நிறம் நம் வீடுகளுக்கு மிகவும் ஏற்ற நிறம்.

இந்த நிறம் இப்படி மாறுவதற்குக் காரணம் எளிமையானது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஏறக்குறையச் சமமாகத் திருப்பி அனுப்புகிறது. வெளிர் ஊதா, சிவப்பையும் நீலத்தையும் சற்று அதிகமாகவும் பச்சையைச் சற்றுக் குறைவாகவும் அனுப்புகிறது. அந்தச் சிறிய வித்தியாசம்தான் நாம் காணும் ஊதா. அறைக்குள் வரும் வெளிச்சத்திலேயே நீலம் குறைந்தால் சுவர் ரோஜாப் பக்கம் சாயும்; சிவப்பு குறைந்தால் நீலப் பக்கம் சாயும்; பச்சை கூடினால் ஊதாவே அழிந்து சாம்பல் மிஞ்சும். பாலாடை நிறச் சுவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாலை வெயிலும் மஞ்சள் விளக்கும் அதன் இயல்பான திசையிலேயே அதைத் தள்ளுகின்றன. எவ்வளவு மாறினாலும் அது பாலாடை நிறமாகவே தோன்றும். நம் வீடுகளில் பாலாடை நிறம் இத்தனை காலம் ஆட்சி செய்வதற்கு அதன் அழகைவிட இந்தப் பிழை பொறுக்கும் குணமே காரணம். ஊதா பிழை பொறுக்காது. ஆனால் சரியான வெளிச்சத்தில் வைத்தால், பாலாடை நிறம் ஒருநாளும் தராத ஒரு தெளிவையும் அமைதியையும் அது அறைக்குக் கொடுக்கிறது.

நம் வட்டாரத்து வெளிச்சத்தைப் பார்ப்போம். கோலசிலாங்கூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகை தொலைவில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஜூன் மாதம் வடக்கே சுமார் 20 பாகையும் டிசம்பரில் தெற்கே 27 பாகையும் சாய்வதோடு சரி. ஆகவே வடக்கு, தெற்குச் சன்னல்களில் தாழ்வாரம் சற்று நீண்டிருந்தாலே நேர்வெயில் உள்ளே வராது. வானத்தின் பரவலான வெளிச்சம் மட்டும் வரும். மேகம் மூடிய நம் வானத்தின் ஒளி இலேசாக நீலம் கலந்தது. கத்தரிப்பூ நிறத்துக்கு இதைவிடச் சிறந்த வெளிச்சம் இல்லை. கிழக்குச் சன்னலில் காலை இரண்டு மணி நேரம் மஞ்சள் ஒளி வந்து போய்விடும். பிறகு நாள் முழுவதும் நல்ல வெளிச்சம்தான். மேற்குச் சன்னல்தான் சிக்கல். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டதிலிருந்து இங்கே சூரியன் மறைவது மாலை ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். வேலை முடிந்து, பள்ளி முடிந்து, குடும்பம் வீட்டில் கூடும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை மேற்குச் சன்னல் வழியாகச் சிவந்த வெயில் சாய்வாக வந்து எதிர்ச்சுவரில் விழுகிறது. ஜெரம், தஞ்சோங் காராங் போன்ற கடலோர ஊர்களில் அதை மறைக்க மேடும் இல்லை, மரமும் குறைவு. அந்த வெயிலில் வெளிர் ஊதா அழுக்கேறிய ரோஜாவாகத் தெரியும். அந்த அறையில் ஊதாதான் வேண்டுமென்றால், வெயில் விழும் எதிர்ச்சுவரை விட்டுப் பக்கச் சுவரில் அடிப்பதே அறிவு. சன்னல் அமைந்திருக்கும் சுவரிலும் அடிக்க வேண்டாம். கண் கூசும் சன்னலுக்குப் பக்கத்தில் எந்த வெளிர்நிறமும் இருண்டு சாம்பலாகிவிடும்.

இனி, இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்று: பச்சை. பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பிற்பாடு ரப்பர் மரங்கள் இருந்த இடங்களையெல்லாம் செம்பனை பிடித்துக்கொண்டது. ரப்பர் தோட்டத்து வெளிச்சம் வேறு, செம்பனைத் தோட்டத்து வெளிச்சம் வேறு. ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர்க்கும். அந்த வாரங்களில் வானம் திறந்து கிடக்கும். செம்பனை ஒருநாளும் உதிர்ந்து நிற்பதில்லை. அகன்ற மட்டைகள் ஒன்றோடொன்று கோத்து, கீழே வரும் ஒளியை ஆண்டு முழுவதும் பச்சையாக வடிகட்டுகின்றன. சன்னலிலிருந்து சில அடிகளில் செம்பனையோ வாழையோ மாமரமோ நிற்கும் வீட்டில், அறைக்குள் வரும் வெளிச்சத்தின் பெரும்பங்கு இலைகளில் பட்டு வந்ததுதான். ஊதாவுக்கு நேர் எதிரான நிறம் மஞ்சள் கலந்த பச்சை. ஆகவே அந்த அறையின் சுவரில் ஊதாவும் பச்சையும் ஒன்றையொன்று அழித்து, ஈரச் சிமெண்டு போன்ற சாம்பல் மிஞ்சுகிறது. தோட்டத்து வீடுகளில் வெளிர் ஊதா தோற்பதற்கு முதற்காரணம் இதுவே. இதைச் சொல்லும் நிற அட்டை எதுவும் கிடையாது.

செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வயலோரத்து வீடுகளின் கதை இன்னொன்று. அங்கே ஆண்டுக்கு இருபோகம் நெல். நாற்று நட்ட புதிதில் வயல் நீர்க்கண்ணாடி. வானத்தின் நீலம் கீழிருந்தும் மேலிருந்தும் வந்து சுவர் மிக அழகாக இருக்கும். பயிர் வளர்ந்ததும் பச்சை. கதிர் முற்றியதும் பொன்மஞ்சள். ஒரே சுவர் ஆறு மாதத்தில் மூன்று நிறம் காட்டும். வயல் தள்ளி இருந்தால் இந்த மாற்றம் இலேசானது; அதை ரசிக்கலாம். வயல் வேலியை ஒட்டியே இருந்தால், சன்னலுக்கு வெள்ளை வலைத்திரை போடுங்கள்; வயலிலிருந்து வரும் நிறம் ஓரளவு குறையும். செம்பனை வீட்டுக்கும் இதே மருந்துதான். அதோடு, வாங்கும் ஊதாவில் சிவப்பு சற்றுக் கூடியதாகப் பார்க்க வேண்டும். நீலம் தூக்கலான ஊதா பச்சை வெளிச்சத்தில் முதலில் சாகும். சிவப்புத் தூக்கலானது தாங்கும். தோட்டத்து ஓரங்களில் காடாகப் பூத்துக் கிடக்கும் செண்டுடுக் பூவை மட்டை நிழலில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். அது ஊதா மட்டுமன்று, நல்ல சிவப்பும் கலந்தது. அதனால்தான் பச்சைக்கு நடுவில் அத்தனை தூரம் கண்ணில் படுகிறது.

வெளிச்சத்துக்கு அடுத்தபடி அண்டை நிறங்கள். பாரிஸ் நகரத்துக் கோப்லென் நெசவாலையில் சாயப் பகுதியின் பொறுப்பில் இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளருக்கு, சில நூல்களின் நிறம் மங்கலாக இருப்பதாகப் புகார் வந்தது. சோதித்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றியிருந்தது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிர்த் திசையில் தள்ளிக் காட்டும் என்ற அந்த உண்மையை அவர் 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். நம் வீட்டுக்கு இதன் பொருள் என்ன? பழைய தோட்டத்து வீடுகளில் மெழுகு தேய்த்துப் பளபளக்கும் சிவப்புச் சிமெண்டுத் தரை இன்னும் இருக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது. தன்மேல் விழும் ஒளியைச் சிவப்பாக்கி, சுவரின் கீழ்ப்பாதியில் ரோஜாச் சாயல் ஏற்றுகிறது. அதே நேரம், சிவப்பைப் பார்த்த கண் சுவரின் மேல்பாதியை நீலமாகக் காண்கிறது. பலன், ஒரே சுவர் இரண்டு துண்டாகத் தெரியும். இதைத் தடுக்கச் சுவரின் அடியில் நான்கைந்து அங்குலத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்து, தரையில் மெங்குவாங் பாயோ வெளிர்நிற விரிப்போ போட்டால் போதும். மரச்சாமான்களில் மெராந்தி, செங்கால் போன்ற செம்பழுப்பு மரங்கள் ஊதாவோடு நன்றாக இணங்கும். மஞ்சள் வார்னிஷ் மினுக்கும் மலிவுப் பலகை இணங்காது, சுவரையும் தன்னையும் கெடுக்கும். பித்தளைக் குத்துவிளக்கு மட்டும் இதற்கு விலக்கு. மஞ்சள் ஊதாவுக்கு எதிர்நிறம் என்பதால், அளவில் சிறியதாக இருக்கும்போது அது சுவரின் முன் சுடர்விடுகிறது. திரைச்சீலைக்கு வெள்ளை, சந்தன நிறம், இலைப்பச்சையில் மிக வெளிறியது ஆகியவை போதும். ஊதாவுக்கு ஊதாத் திரை போடுவது கூடாது. இரண்டும் ஒருநாளும் ஒன்றாக ஒத்துப்போகாது, ஒன்று மற்றொன்றை அழுக்காகக் காட்டும்.

இரவுக்கு விளக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் எனக் குறித்த பளிச் வெள்ளை விளக்கே தொங்குகிறது. குழல் விளக்குக் காலத்துப் பழக்கம் எல்இடியிலும் தொடர்கிறது. வெள்ளை எல்இடி என்பது அடிப்படையில் நீல விளக்கு, அதன்மேல் மஞ்சள் பூச்சு. மலிவு விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அந்த ஒளியில் ஊதாவின் சிவப்புப் பங்கு ஒடுங்கி, சுவர் குளிர்ந்த நீலமாகிவிடுகிறது. 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலம் ஒடுங்கிச் சுவர் பழுப்பேறுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள 4000 கெல்வின் விளக்கு ஊதாவை ஊதாவாகவே காட்டும். பெட்டியின்மேல் நிறத்தரக் குறியீடு 90 என்றோ அதற்கு மேலோ போட்டிருந்தால் இன்னும் நல்லது. 80 என்பதுதான் சாதாரணமாகக் கிடைப்பது. ஒரு டப்பா சாயத்தின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டு நல்ல விளக்குகளின் விலை சிறிது. தாமான் வரிசை வீடுகளில் முன்புறமும் பின்புறமும் மட்டுமே சன்னல் இருக்கும். நடு அறைக்குப் பகல் வெளிச்சமே கிடையாது. அந்த அறையில் விளக்குதான் சூரியன். அங்கே விளக்கை மாற்றாமல் ஊதா அடிக்கவே வேண்டாம்.

இவற்றை முடிவு செய்த பிறகே கடைக்குப் போக வேண்டும். வெளிர் ஊதாவில் மூன்று வகை கண்ணில் படும்: நீலம் தூக்கலானது, சிவப்புத் தூக்கலானது, சாம்பல் கலந்து அடங்கியது. வடக்கு, தெற்கு நோக்கிய திறந்த அறைக்கு அடங்கிய சாம்பல் ஊதா. மரங்கள் சூழ்ந்த அறைக்குச் சிவப்புத் தூக்கலானது. நீலம் தூக்கலானதை, மாலை வெயில் சற்றே எட்டிப் பார்க்கும் அறையில் மட்டும் துணிந்து பார்க்கலாம். அட்டையில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதை வாங்குவது நல்லது. சுவர்கள் ஒன்றையொன்று பார்த்து ஒளியைப் பரிமாறிக்கொள்வதால் நான்கு சுவரில் நிறம் எப்போதும் கூடித் தெரியும். சிறு டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இருமுறை அடித்துக் காயவிட்டு, அந்த அட்டையை அடிக்கப்போகும் சுவரிலேயே சாய்த்து வையுங்கள். காலை எட்டு மணி, நண்பகல், மாலை ஆறரை, இரவு விளக்கொளி என நான்கு வேளையும், மழை நாள் ஒன்றும் வெயில் நாள் ஒன்றும் பார்த்தபின் முடிவெடுங்கள். சுவரிலேயே நேராக ஒரு திட்டு அடித்துப் பார்ப்பது நல்ல சோதனையன்று. பழைய நிறம் சுற்றிலும் இருந்து கண்ணை ஏமாற்றும், செவ்ரல் சொன்னதுபோல.

அளவுக்கு ஒரு கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு சன்னலும் கழித்தால் சுமார் 390. அதாவது 36 சதுர மீட்டர். ஒரு லிட்டர் இமல்ஷன் வழுவழுப்பான சுவரில் ஒருமுறை 10 முதல் 12 சதுர மீட்டர் வரை போகும். இருமுறை அடிக்க ஏறக்குறைய 7 லிட்டர் வேண்டும். பன்னிரண்டடிச் சுவர் ஒன்று மட்டும் என்றால் 2 லிட்டர் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஊதாவில் சாயத்துளியின் அளவு மிகச் சிறிது. ஒரு துளி கூடிக் குறைந்தாலும் சுவரின் பாதியில் கோடு போட்டதுபோல் தெரிந்துவிடும்.

ஒரு சுவரா, நான்கு சுவரா? இந்த வட்டாரத்து வீடுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்பதே என் தீர்ப்பு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பித் தருகிறது. வெளிர் ஊதா பெரும்பாலும் அறுபதிலிருந்து எழுபது வரைதான். தாழ்வாரம் நீண்ட, மரம் சூழ்ந்த, சிறு சன்னல் கொண்ட அறையில் அந்த இழப்பு நான்கு சுவரிலும் சேர்ந்தால் பகலிலேயே விளக்கு போட வேண்டி வரும். நல்ல வெளிச்சம் விழும் பக்கச் சுவரில் ஊதா, மற்றவை மஞ்சள் கலவாத வெள்ளை, கூரைப்பலகை சுத்த வெள்ளை என்று வைத்தால் அறை சுருங்காது, நிறமும் பிழைக்கும்.

எதிர்வாதங்கள் பல உண்டு, மதிப்புள்ளவற்றை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளும் தாளிப்புப் புகையும் உள்ள வீட்டுக்கு ஊதா ஒத்து வருமா என்பது நியாயமான கேள்வி. மஞ்சள் கறை பாலாடைச் சுவரில் ஒளிந்துகொள்ளும். ஊதாவில் எதிர்நிறமாக நின்று தூரத்திலிருந்தே தெரியும். ஆகவே சமையற்கட்டிலும் அதை ஒட்டிய சுவரிலும் ஊதா வேண்டாம். சாமி மேடைக்குப் பின்னாலும் வேண்டாம். விளக்குப் புகையும் சாம்பிராணியும் ஒரே ஆண்டில் அதைத் தவிட்டு நிறமாக்கிவிடும். கதவு நிலைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் வீடு என்றால் நிலையை வெள்ளையாகவோ மர நிறமாகவோ விட்டுவிடுங்கள். படுக்கையறை, பிள்ளைகள் படிக்கும் அறை, முன்கூடத்தின் ஒரு சுவர் ஆகியவையே இதற்கு இடம். ராஜா மூசா வனப்பகுதியின் கரிமண் தீப்பிடித்து ஊரெங்கும் புகை மூடும் காலங்களில் சுவரில் படியும் மெல்லிய பழுப்பும் ஊதாவில் தெரியத்தான் செய்யும். அதனால் சற்று மினுக்கமுள்ள, துடைக்கக்கூடிய இமல்ஷனை வாங்குங்கள். முற்றிலும் மினுக்கமற்ற சாயத்தை ஈரத்துணியால் தேய்த்தால் தேய்த்த இடம் தனித்துத் தெரியும்.

ஊதா பெண்பிள்ளைகள் அறைக்கு மட்டும் உரியது என்பாரும் உண்டு. கடைகளில் விற்கும் பொம்மைகளும் படுக்கை விரிப்புகளும் ஏற்படுத்திய எண்ணம் அது. சாம்பல் கலந்த கத்தரிப்பூ நிறத்தில், செங்கால் மர அலமாரிக்குப் பின்னால் நிற்கும் சுவரை யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள். ஊதா மனத்தை அமைதிப்படுத்தி உறக்கம் தரும் என்று விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். சுவர் நிறம் உறக்கத்தை மாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அறையைக் குளிர்விக்கும் என்பதும் தவறு. நம் வீடுகளில் சூடு தகரக் கூரையிலிருந்து வருகிறது. உட்சுவரின் நிறம் அதில் ஒன்றும் செய்யாது. வீட்டுப் பெரியவர்கள் வாஸ்து பார்ப்பவர்களாக இருந்தால் அவர்களோடு வாதாடுவதைவிட, அவர்கள் ஒப்புக்கொள்ளும் சுவரைக் கேட்டு அதில் அடிப்பதே குடும்பத்துக்கு நல்லது. நம்மவர்க்கு இந்த நிறம் புதிதும் அன்று. புடவைக் கடையில் கத்தரிப்பூ நிறம் கேட்டு வாங்காத தலைமுறை இல்லை. சுண்ணாம்பில் துணி நீலம் கலந்து அடிக்கும் பழக்கமும் தமிழர் வீடுகளில் பழையது. பழுப்பேறும் சுண்ணாம்பை அந்த நீலம் பளிச்சென்று காட்டியது. நீலம் ஒரு பிடி கூடிய சுவர்களில் இன்றைய வெளிர் ஊதாவின் நெருங்கிய உறவினரைப் பார்க்கலாம்.

மங்கிப்போகும் என்பது வலுவான எதிர்வாதம். அதை மறுக்க முடியாது. பாலாடை, காவி நிறங்கள் இரும்புத் துருவின் வகையான கனிமங்களிலிருந்து வருகின்றன. வெயில் அவற்றை அசைக்காது. ஊதாவோ பெரும்பாலும் கரிமச் சேர்மங்களிலிருந்து வருகிறது. 1856இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கு மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது தற்செயலாகக் கிடைத்த ஊதாச் சாயத்தில் தொடங்கிய குடும்பம் அது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் எந்தக் காய்ச்சலோடு போராடினாரோ, எந்தக் காய்ச்சல் சிலாங்கூர் தோட்டங்களில் நம் முன்னோரை வாரிக்கொண்டு போனதோ, அதே காய்ச்சலுக்கான தேடலில் பிறந்த நிறம். இன்றைய ஊதா நிறமிகள் பெர்கினுடையதைவிடப் பல மடங்கு உறுதியானவை. ஆனாலும் நிறைய வெள்ளையில் சில துளியாகக் கலந்து நீர்த்து நிற்கும்போது நேர்வெயிலில் அவை வெளுக்கும். ஆகவே வெளிச்சுவருக்கு வெளிர் ஊதா அடிக்காதீர்கள். உள்ளேயும் நேர்வெயில் விழாத சுவரையே தேர்ந்தெடுங்கள். அழகுக்காக மேலே சொன்ன அதே விதி ஆயுளுக்கும் பொருந்துகிறது.

எந்த நிறமானாலும் அடிச்சுவர் சரியில்லையென்றால் நிற்காது. ஊதாவில் அந்தக் குறை விரைவில் கண்ணுக்குத் தெரியும். பழைய தோட்டத்து வீடுகளில் சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருக்கும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அதன்மேல் இமல்ஷன் அடிப்பது வீண், ஓராண்டுக்குள் பொருக்காக உரியும். சுரண்டி, கழுவி, காயவிட்டு, காரம் தாங்கும் அடிப்பூச்சு ஒருமுறை அடித்த பிறகே நிறம். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரை நான்கு வாரமாவது விட்டுவைக்க வேண்டும். சிமெண்டின் காரம் சில ஊதா நிறமிகளைத் தின்றுவிடும். தாழ்ந்த நிலத்து வீடுகளில் சுவரின் அடியில் உப்புப் பூத்து நிற்பது பொதுவான காட்சி. ஓரடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. கூரை நீர் சுவரடியில் விழுகிறதா, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் சாயத்துக்குக் காசு போடாதீர்கள். கருப்புப் பூஞ்சைக்கு நீர் கலந்த குளோரின் வெளுப்பான் போதும். அதை வேறெந்தத் துப்புரவு மருந்தோடும் கலக்கக் கூடாது, நச்சுக் காற்று வரும். பழைய கதவு, சன்னல்களில் உள்ள எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கல்நார் தகடு போட்ட பழைய கூரைப்பலகையைத் தேய்க்கவோ துளையிடவோ கூடாது.

இன்னும் தோட்ட நிர்வாகத்தின் வீட்டிலேயே குடியிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. சொந்தமில்லாத சுவருக்கு உழைப்பும் பணமும் போடலாமா என்று அவர்கள் கேட்பது மிகவும் நியாயம். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அடிப்பது ஒரு வழி. அதைவிட நான் பரிந்துரைப்பது, நான்கடிக்கு எட்டடிப் பலகை ஒன்றிரண்டில் ஊதா அடித்துக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்துவது. வெளிச்சத்துக்கு ஏற்ப இடம் மாற்றலாம், சுவரின் ஈரம் அதைத் தொடாது, வீடு மாறும்போது கூடவே வரும். தோட்டத்தில் உழைத்தவர்கள் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை இன்னும் முழுமையாகத் தீராத மண்ணில், அழகும் எடுத்துச் செல்லக்கூடியதாக இருப்பது நல்லது.

கடைசியாக, எப்போது அடிப்பது. நம் வழக்கம் தீபாவளிக்கு முந்தின வாரம். மேற்குக் கரையில் மழை உச்சத்தில் இருப்பது அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான். காற்றில் ஈரம் மிகுந்த அந்த நாள்களில் சாயம் காயத் தாமதமாகும். முதல் பூச்சு காயும் முன் இரண்டாவதை ஏற்றினால் ஊதாவில் திட்டுத் திட்டாக மினுக்கம் தெரியும். அவசரத்தில் அட்டைச் சோதனைக்கும் நேரம் இருக்காது. ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பளவில் உலர்ந்தவை. சுவரை ஆனியில் சுரண்டி, ஆடியில் அடித்து முடியுங்கள். ஆடியில் புதுமனை புகுவதைத்தான் தவிர்ப்பார்கள், சாயம் அடிப்பதை அன்று. மிஞ்சியதில் கால் லிட்டரை இறுக மூடி, நிற எண்ணையும் தேதியையும் மூடிமேல் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.